பழைய கணினியில் கெர்னல்: எதை அணைப்பது, எப்படி அணைப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் டியூஷன் சென்டர்களிலும் கடைகளின் கணக்கு மேசைகளிலும் பத்துப் பதினைந்து வருடப் பழைய மடிக்கணினிகள் லினக்ஸின் புண்ணியத்தில் இன்னும் ஓடுகின்றன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதிதாகப் போட்டதும் சில முரண்டு பிடிக்கும். உடனே பழைய இரும்புக்குப் போட வேண்டாம். பல நேரம் கெர்னலை மூலநிரலிலிருந்து நாமே கம்பைல் செய்யும்போது (கட்டியெடுக்கும்போது) ஒன்றிரண்டு தேர்வுகளை அணைத்தாலே சரியாகிவிடும். எதை அணைப்பது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வைஃபையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராட்காம் 4313 சிப்புக்குக் கெர்னலிலேயே உள்ள 'பிஆர்சிஎம்எஸ்மேக்', தயாரிப்பாளர் தரும் 'டபிள்யூஎல்' என இரண்டு டிரைவர்கள் (சிப்பை இயக்கும் மென்பொருள்கள்). எது முந்துகிறதோ அது சிப்பைப் பிடித்துக்கொள்ளும். 'எல்எஸ்பிசிஐ -கே' கட்டளையைக் கொடுத்தால் இப்போது பிடித்திருப்பது ஒரு வரியிலும், பிடிக்கக்கூடியவை அடுத்த வரியிலும் வரும். அங்கே இரண்டு மூன்று பெயர் நின்றால் சண்டை அங்கேதான். டபிள்யூஎல்தான் வேண்டும் என்றால் பிஆர்சிஎம்எஸ்மேக்கை மட்டும் நிறுத்துவது போதாது. அதற்கு அடியில் சிப்பைக் கணினியோடு இணைக்கும் 'பிசிஎம்ஏ' பஸ் டிரைவரும் சிப்பை விடாது.

இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கெர்னல் தேர்வுகளெல்லாம் பதிந்திருக்கும் 'டாட் கான்ஃபிக்' கோப்பில் பிசிஎம்ஏ வரியைக் கையால் அழித்துவிட்டு, விடுபட்டவற்றை இயல்புநிலையில் நிரப்பும் 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கட்டளையைக் கொடுப்பார்கள். அழித்த வரி திரும்ப வந்து நிற்கும். பிஆர்சிஎம்எஸ்மேக், இன்னொரு பிராட்காம் டிரைவரான பி43 போன்ற தேர்வுகள் அதைத் தாமாகவே இழுத்து வருவதுதான் காரணம். தேர்வுகளைப் பட்டியலாகக் காட்டும் 'மெனுகான்ஃபிக்'கில் சாய்கோட்டை (/) அழுத்திப் பெயரைத் தேடினால், யார் இழுக்கிறார்கள் என்பது 'செலக்டட் பை' என்ற இடத்தில் தெரியும். முதலில் அவர்களை அணையுங்கள்.

கெர்னல் அனுமதிப்பதெல்லாம் சிப்புக்கு ஒத்துவரும் என்றும் நம்ப முடியாது. 6.12 பதிப்பில் பென்டியம் எம் சிப்பைத் தேர்ந்தாலும் 64 ஜிபி நினைவகத் தேர்வு திறந்தே இருக்கும். அதற்கு பிஏஇ என்ற, 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை எட்டும் வசதி சிப்பில் தேவை. தொடக்ககால பென்டியம் எம் சிப்புகள் அதை வெளிக்காட்டுவதில்லை. பூட் ஆகும்போதே திரை நின்றுவிடும். 4 ஜிபி தேர்வே போதும்.

தேவையற்றதை எல்லாம் தானே அணைக்கும் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கட்டளை நல்ல குறுக்குவழி. ஆனால் அந்த நிமிடத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் துண்டுகளை) மட்டுமே அது வைத்துக்கொள்ளும். பிரிண்டர், பென்டிரைவ், வெப்கேம் எல்லாவற்றையும் ஒருமுறை செருகி இயக்கிய பிறகே அதைக் கொடுங்கள். பூட் ஆகும்போது மாட்யூல்களை முதலில் தரும் தற்காலிகக் கோப்பான இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் பூட் செய்வதானால், வட்டுக்கான டிரைவர் ஏஹெச்சிஐ, அதிலுள்ள கோப்பு முறைமை ஈஎக்ஸ்டி4 இரண்டும் 'எம்' (மாட்யூல்) ஆக இருக்கக் கூடாது, 'ஒய்' (கெர்னலுக்குள்ளேயே) ஆக இருக்க வேண்டும். தவறினால் லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்ய (திறக்க) முடியாமல் கெர்னல் பேனிக்தான், அதாவது கணினி அப்படியே நின்றுவிடும்.

கரண்ட் நிற்காத, வேகமான வேறொரு கணினியில் 'மேக் பின்டெப்-பிகேஜி' கொடுத்து, கிடைக்கும் டெப் கோப்பை (டெபியன், உபுண்டு வகை லினக்ஸுக்கான நிறுவல் கோப்பு) கொண்டுவந்து நிறுவலாம். புதுக் கெர்னல் ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழையதை, கணினி தொடங்கும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்க வரும் கிரப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள்.

இப்படிக்கு,
லினக்ஸ் ஆர்வலர்கள் சிலர்,
காரைக்குடி