தலைப்பை மாற்றாதே

அன்பு மகளுக்கு,

வெள்ளத்தில் வீடு இழந்தவர்களைப் பற்றிய என் ஆய்வுத் தலைப்பு கோட்பாடாக இல்லை என்கிறார்கள், மாற்றிவிடலாமா அப்பா என்று போனில் கேட்டாய். அவசரமாகச் சொல்லக்கூடிய பதில் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அரசியல் கோட்பாட்டாளர் ஜூடித் ஷ்க்ளாரை எடுத்துக்கொள். 1928இல் லாட்வியாவின் ரீகாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். போர் வந்ததும் ஸ்வீடன், சைபீரியா, ஜப்பான், அமெரிக்கா என்று அலைந்து குடும்பம் கனடாவுக்கு வந்து சேர்ந்தது. நீ இருக்கிற மாண்ட்ரியலில்தான், மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1955இல் ஹார்வர்டோடு இணைந்த பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃபில் முனைவர் பட்டம் வாங்கி ஹார்வர்டிலேயே பாடம் நடத்தினார். நிரந்தரப் பதவிக்கான நேரம் வந்தபோது அவருடைய அரசியல் துறை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பாதி நேர விரிவுரையாளராக இருந்துகொள்கிறேன் என்று அவரே கேட்டு வாங்கினார். வீட்டில் பிள்ளைகளும் வளர்ந்துகொண்டிருந்தார்கள். 1971இல்தான் அந்தத் துறையில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் பெண் ஆனார்.

அதே ஆண்டு, அதே பல்கலைக்கழகத்தில் இருந்த தத்துவவாதி ஜான் ரால்ஸின் ‘நீதிக் கோட்பாடு’ வெளிவந்தது. நியாயமான சமூகம் எப்படி அமைய வேண்டும் என்று எல்லோரும் பேசினார்கள். ஷ்க்ளார் மறுமுனையிலிருந்து தொடங்கினார். நாம் செய்யும் தீமைகளில் முதலில் தவிர்க்க வேண்டியது எது? கொடுமை என்றார். அரசின் கையிலிருக்கும் தடியும் சிறையும் ஏற்படுத்தும் பயத்திலிருந்து மக்களைக் காப்பதுதான் தனிமனித சுதந்திரத்தை முன்வைக்கும் தாராளவாதத்தின் முதல் வேலை என்று 1989இல் எழுதினார்.

உனக்கு நேராக வேண்டியது அவருடைய 1990ஆம் ஆண்டுப் புத்தகம், அநீதியின் முகங்களைப் பற்றியது. ஒரு பேரழிவு எப்போது துரதிர்ஷ்டம், எப்போது அநீதி? இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது யார்? 1755 லிஸ்பன் நிலநடுக்கத்தைப் பற்றியும் அதில் பேசுகிறார். ஆறேழு மாடி வீடுகளை நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே என்று அந்தக் காலத்திலேயே தத்துவவாதி ரூசோ கேட்டிருந்தார். தடுக்க முடிந்தும் கண்டும் காணாமல் இருந்த அதிகாரியும் குடிமகனும் அநீதிக்குப் பொறுப்பு என்கிறார் ஷ்க்ளார். பாதிக்கப்பட்டவர் சொல்வது எல்லாமே சரியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவரை முதலில் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

வெள்ளத்தில் வீடு இழந்தவர்களிடம் நீ கேட்டு எழுதி வைத்திருப்பது இதைத்தானே? இது கோட்பாடு இல்லையென்றால் வேறு எது கோட்பாடு? ஷ்க்ளாரைக் கையில் வைத்துக்கொண்டு உன் வழிகாட்டியிடம் இன்னொரு முறை பேசு. ஓர் ஆண்டு கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. வேலைக்கு எப்போது போவாள் என்று கேட்கிற சொந்தக்காரர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் அத்தியாயம் அரைகுறையாக இருந்தாலும் அனுப்பு. அம்மாவும் படிக்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா