அம்மாவின் இடது கால்

வெள்ளவத்தை,
கொழும்பு 6

அன்புள்ள குஞ்சுவுக்கு,

கீழ்வீட்டு அன்ரியின் மகன் வெள்ளிக்கிழமை லண்டனுக்கு வருகிறான். அவனிடம் ஒரு சின்னப் பார்சல் கொடுத்துவிடுகிறேன். வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, உனக்குப் பிடித்த எள்ளுருண்டை. பிள்ளை பெற்றவர்களுக்குக் கறி வைக்கிற சரக்குத்தூளும் இடித்து, அரித்து, போத்தலில் போட்டு வைத்திருந்தேன். பிறகு அதை மட்டும் எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். நீ வாய் திறக்காத ஒன்றுக்கு நான் தூள் இடித்து அனுப்புவது சரியில்லை என்று பட்டது.

நீ கதைத்து மூன்று கிழமையாகிறது. மெசேஜ் போட்டால் "வேலை கூட, பிறகு எடுக்கிறன் அம்மா" என்று வருகிறது. வேலை கூடத்தான், தெரியும். நீயாகப் படித்து, நீயாகச் சோதினை எடுத்து, அந்தப் பெரிய கந்தோரில் உன் பெயரை நிறுத்தியிருக்கிறாய். கோயிலில் ஆர் விசாரித்தாலும் நிமிர்ந்துதான் பதில் சொல்கிறேன். ஆனாலும் பெற்ற வயிறு கேட்குமா? ஒரு நிமிசம் முகத்தைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? கடைசியாக வீடியோவில் வந்தபோது கோப்பி மணக்குது, அங்கால கொண்டு போங்கோ என்று மருமகனைச் சொன்னாய். ஆடிவேல் திருவிழாவுக்கு வருவதாக இருந்த பயணத்தையும் "இப்ப பறக்கேலாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். போன வருடம் நடந்ததை எல்லாம் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் எனக்குச் சொன்னாய். நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நீ சொல்கிறபோது சொல்.

இந்தக் கடிதம் என் காலைப் பற்றியது.

என் இடது கால் உனக்குத் தெரியும். சின்னதில் அதைப் பெருவிரலால் அமத்திவிட்டு, விழுந்த குழி மெல்ல மெல்ல நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பாய். "அம்மான்ர மாக்கால்" என்று தம்பிக்கும் காட்டிக் கொடுத்தாய். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துத் தடித்திருப்பதும், பொழுதுபட்டால் நான் அதை ஸ்டூலில் தூக்கி வைப்பதும் உங்கள் எல்லோருக்கும் பழகிப்போன காட்சி. நின்று நின்று படிப்பித்ததால் வந்த நரம்புக் கோளாறு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். உனக்கும் அதையே சொன்னேன். அது நரம்புக் கோளாறில்லை குஞ்சு. 1991 இல், நீ பிறந்த பத்தொன்பதாம் நாள், அந்தக் காலுக்குள் இரத்தம் கட்டியது.

உன்னை வெட்டித்தான் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முப்பத்தொரு நாள் துடக்குக் கழியும்வரை அம்மம்மா என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. தண்ணீர் கேட்டால் "வண்டி வைக்கும்", வயிறு பெருத்துவிடும் என்று கொதித்தாறிய தண்ணியில் அரைக் கிளாஸ் தருவா. அவவில் பிழை சொல்லேலாது, தனக்குத் தன் தாய் செய்ததைத்தான் எனக்குச் செய்தா. பத்தொன்பதாம் நாள் விடிய எழும்பினால் கெண்டைக்கால் கல்லுப் போல இறுகிக் கிடக்கிறது. தொட்டால் சுட்டது. வலது கால் தன்பாட்டில் இருந்தது. வாதம் என்று அம்மம்மா எண்ணெய் சுடவைத்து உருவினா. உருவவே கூடாத கால் அது. அப்பாதான் கண்டு பயந்து ஓட்டோ பிடித்தார். டொக்டர் அளவுநாடாவால் இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தார், நாலு சென்ரிமீற்றர் வித்தியாசம். அளந்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, குடும்பத்தில் வேறு ஆருக்கும் இப்படி வந்ததா என்பது.

அப்போதுதான் என் தங்கச்சியை, உன் சின்னம்மாவைச் சொன்னேன். 1986 இல் ஊரில், பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள், கட்டிலால் எழும்பி முற்றம் வரை நடந்தவ மூச்சு வாங்குது என்று திண்ணையில் இருந்தா. பிறகு எழும்பவேயில்லை. வீட்டில் நெஞ்சு வருத்தம் என்றுதான் சொன்னோம். கேட்ட டொக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதுவும் காலில் கட்டின இரத்தம் கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்ததாக இருக்கலாம் என்றார்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். காயம் பட்டால் இரத்தத்தில் உள்ள சிறுதட்டுகள் ஒன்றுகூடும், பைபிரின் நூல் வலை போலப் பின்னும், குருதி உறையும், அதனால்தான் நாம் உயிரோடிருக்கிறோம் என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டுவேன். அதே வலை காயமில்லாத இரத்த நாளத்துக்குள் பின்னினால் என்ன ஆகும் என்பதை மட்டும் என் உடம்பில் படித்தேன். மூன்று காரணம் சொல்வார்கள், விர்கோ என்ற ஜேர்மன் மருத்துவரின் பெயரோடு வருகிறது: இரத்தம் ஓடாமல் தேங்குவது, நாளத்தின் சுவரில் அடிபடுவது, இரத்தமே உறையும் தன்மை கூடுவது. பிள்ளைத்தாய்ச்சி உடம்பில் மூன்றும் சேரும். பேற்றில் இரத்தம் வீணாகிப் போகாமலிருக்க உடம்பு முன்கூட்டியே இரத்தத்தை இறுகப் பண்ணி வைக்கிறது. வயிறு பெருக்க, இடுப்பில் நாளம் நெரிபடுகிறது. இடப்பக்க நாளத்துக்கு மேலே, இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவருகிற நாடியும் குறுக்கே போவதால் அநேகமாக இடது காலில்தான் கட்டும். பிள்ளை பிறந்து ஆறு கிழமை வரைக்கும் ஆபத்து ஆகக் கூட. சின்னம்மாவும் நானும் அந்த ஆறு கிழமைக்குள்தான்.

உனக்கென்று சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

எனக்கு முதலில் இரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பரின் ஊசி, பிறகு அதே வேலைக்கு ஆறு மாதம் வோபரின் குளிசை. வோபரின் 1948 இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது, 1954 இல்தான் மனிதருக்கு அனுமதித்தார்கள். இதை ஆரோ அம்மம்மாவின் காதில் போட, பால் குடுக்கிறவளுக்கு எலிப் பாசாணமோ என்று அவ குளிசைச் சரையைத் தூக்கிக் குசினி யன்னலால் எறிந்தா. அப்பா இருட்டில் டோர்ச் அடித்துத் தேடிப் பொறுக்கினார். பால் கொடுக்கப் பயப்படத் தேவையில்லை என்று டொக்டர் அடித்துச் சொன்னார், நீயும் குடித்துத்தான் வளர்ந்தாய். ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கிறபோது அந்தக் குளிசை ஆகாது, பிள்ளையைத் தாக்கும். அப்போது ஊசிதான், அது சூல்வித்தகத்தை, அதுதான் நஞ்சுக்கொடியை, தாண்டிப் பிள்ளைக்குப் போகாது. வயிற்றுத் தோலில் தாங்களே போட்டுக்கொள்கிற மாதிரி நிரப்பின ஊசியாகவே இப்போது வருகிறது. ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊசி மருந்து பன்றிக் குடலில் இருந்து எடுப்பது. நாங்கள் சைவம், நீ அங்கேயும் முட்டைகூடத் தொடுவதில்லை என்று எனக்குப் பெருமை. ஆனால் தேவை என்று டொக்டர் சொன்னால் ஒரு கணமும் யோசிக்காதே. நான் போட்டேன். போட்டுவிட்டுத் திருநீறும் பூசினேன். முருகன் என்னைக் கைவிடவில்லை.

தண்ணீர் குடி. கந்தோரில் கதிரையோடு ஒட்டிக்கொண்டு இராதே, மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி நட. பிளேனிலும் அப்படித்தான். நாலு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்திலேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது, கொழும்பு லண்டன் நேரே வந்தாலே பதினொரு மணித்தியாலம். நீ ஆடிவேலுக்கு வராதது ஒரு விதத்தில் நல்லதுதான். நான் கோபத்தில் அன்றைக்கு எழுதின மெசேஜை மறந்துவிடு. ஒரு கால் மட்டும் வீங்கினால், நொந்தால், சுட்டால், காலையில் பார்ப்பம் என்று படுக்காதே. மூச்சு வாங்கினால், இழுத்து மூச்சு விடும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் இரத்தம் கண்டால், அம்புலன்சைக் கூப்பிடு. மருமகன் வரட்டும் என்று பார்த்துக்கொண்டு இராதே. தண்ணீர் குடி.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

உன் கலியாணப் பேச்சில் சம்பந்தியம்மா நேரேயே கேட்டா, பொம்பிளைப் பகுதியில் பரம்பரை வருத்தம் ஏதும் உண்டோ என்று. இல்லை என்றேன். சொல்லிவிடுவம் என்று அப்பா இரண்டு இரவு என்னோடு மன்றாடினார். நல்ல இடம், பொருத்தமும் திறம், இதைச் சொல்லிக் கெடுக்கிறதோ என்று நான்தான் அவர் வாயையும் அடைத்தேன். அதைக்கூட ஒரு தாயின் பயம் என்று நீ மன்னிப்பாய்.

2019 இல் நாள் குறித்த பிறகு, மணவறையில் தீட்டாகிவிடக் கூடாது என்று தள்ளிப்போடுகிற குளிசை வாங்க உன்னைக் காலி வீதிக்குக் கூட்டிப் போனேன். பாமசியில் நின்ற பிள்ளை சின்னப் பெட்டை, உன்னைவிட வயது குறைவாக இருக்கும். "அன்ரி, குடும்பத்தில ஆருக்கும் கால்ல, நெஞ்சில ரத்தம் கட்டினதோ?" என்று கேட்டா. அந்தக் குளிசையும் இரத்தக்கட்டி வருகிற ஆபத்தைக் கூட்டும். அது எனக்குத் தெரியும். சீலைக்கு உள்ளே அந்த இறுக்கக் காலுறையைப் போட்டுக்கொண்டுதான் அவ முன்னால் நின்றேன். "இல்லைப் பிள்ளை" என்றேன். நீ பக்கத்தில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பத்து நாள் நீ அதைப் போட்டாய். பத்து இரவும் நீ நித்திரையான பிறகு வந்து உன் இரண்டு கெண்டைக்காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், எது சூடு, எது இறுக்கம் என்று. நீ முழித்திருந்தால் நுளம்பு வலை சரிசெய்கிறேன் என்று சொல்லியிருப்பேன். டொக்டரிடம் கேட்டு வேறு வழி பார்த்திருக்கலாம். நாளைத் தள்ளி வைத்திருக்கலாம். ஊர் என்ன சொல்லும் என்பதற்காக என் பிள்ளையின் உயிரை வைத்துப் பத்து நாள் விளையாடினேன் குஞ்சு. கல்யாண அல்பத்தில் நான் சிரிக்கிற படங்களை எனக்குப் பார்க்கப் பிடிக்காது.

அங்கே பிள்ளைத்தாய்ச்சிகளை முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்பார்களாம், குடும்பத்தில் ஆருக்கும் இரத்தம் கட்டியதா என்று. என்னை நம்பி நீ இல்லை என்று சொல்லியிருப்பாய், அல்லது சொல்லப் போகிறாய். அந்த இல்லை என்னுடைய பொய். மாற்றிச் சொல். தாய்க்கு, பிரசவத்துக்குப் பிறகு பத்தொன்பதாம் நாள், இடது காலில். தாயின் தங்கச்சிக்கு, பன்னிரண்டாம் நாள், நெஞ்சில் என்று சந்தேகம். போன வருடம் நடந்ததையும் மறைக்காமல் சொல், இரத்தம் உறைகிற கோளாறு சிலதில் அப்படியும் நடக்கும், அவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள். உனக்கு வந்தே தீரும் என்றில்லை. ஊசி வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பது அவர்கள். ஆனால் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்தால் தெரியட்டும். இனி எனக்கு அதில் வெட்கமில்லை. மருமகனிடம் நீ சொல்லக் கூச்சப்பட்டால் இந்தக் கடிதத்தையே கையில் கொடு.

மிளகாய்த்தூள் பைக்கு அடியில் பேப்பரில் சுற்றி என் பழைய கிளினிக் கொப்பி இருக்கிறது. இத்தனை வருடம் கூறைச்சீலைக்குக் கீழே வைத்திருந்தேன். மட்டை கழன்றுவிட்டது, பக்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் இரத்தம் எடுத்துப் பார்த்த கணக்கு, குளிசையின் அளவு, எல்லாம் டொக்டரின் கையெழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது, அவர்களுக்கு விளங்கும். திரும்பி அனுப்பத் தேவையில்லை. கிடைத்தது என்று மட்டும் ஒரு சொல் போடு, வேறு ஒன்றும் எழுத வேண்டாம். சரக்குத்தூள் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.

அம்மா