சங்க வேலை என்றால் அவ்வளவு இளக்காரமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் எங்கள் மின்வாரியச் சங்கத் தலைவர் காலமான செய்தி வந்திருந்தது. படமும் போட்டீர்கள், நன்றி. ஆனால் "பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் சங்க வேலையிலேயே கழித்தவர்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவரிடம் ஹெல்ப்பராகச் சேர்ந்து வயர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். அவர் எதில் காலம் கழித்தார் என்று எனக்குத் தெரியும்.

சோமனூர்ப் பக்கம் ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் ஜம்பர், அதாவது லைனோடு சேர்க்கிற இணைப்புக் கம்பி, அறுந்துபோச்சு. தறிக்காரர்கள் சுற்றி நிற்கிறார்கள், மேலிடத்திலிருந்து போன் மேல் போன். ஏறத் தயாராக நின்றது ஓர் ஒப்பந்தத் தொழிலாளி, சின்னப் பையன், கையுறைகூட இல்லை. தலைவர் மறித்து நின்றுவிட்டார். லைன் கிளியர் (கரண்ட்டை நிறுத்தியாச்சு, வேலை செய்யலாம் என்கிற அனுமதி) வாங்கி, லைனைத் துண்டிக்கிற ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டி, தப்பி வரும் கரண்ட் தரைக்கு இறங்க மூன்று கம்பியிலும் எர்த் ராடு மாட்டிய பிறகுதான் அவனை ஏற விட்டார். பட்டறைக்குப் பட்டறை ஜெனரேட்டர் இருக்கிற ஊர் அது, எவராவது ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்சைச் சரியாகப் போடாமல் ஓட்டினால் நாம் நிறுத்தி வைத்த லைனிலேயே கரண்ட் திரும்பி ஏறிவிடும். "தறி நாளைக்கும் ஓடுமுங்க, இவனுக்கு ஒண்ணு ஆனா இவங்க அம்மாகிட்ட நீங்க வந்து சொல்றீங்களா?" என்று போனிலேயே கேட்டார். தாமதத்துக்காக அவருக்கு மெமோதான் வந்தது. உங்கள் நிருபர் எழுதிய சங்க வேலை இதுதான் ஐயா.

24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, உங்களுக்குத் தெரியாததா? ஆனால் 480 நாள் வேலை செய்ததற்குத் தாள் வேண்டுமே. பில் ஒப்பந்தக்காரர் பேரில் போகும், குழி தோண்டிக் கம்பம் நட்டவன் பேர் எங்குமே இருக்காது. பழைய வவுச்சர், டைரியில் கிறுக்கிய கணக்கு என்று வீடு வீடாகப் போய்ச் சேர்த்து, தொழிலாளர் ஆய்வாளர் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தவர் அவர். மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்குவது பற்றி விசாரித்த காலித் கமிஷன் என்று சொன்னால் இன்றைக்கும் கும்பிடுகிற குடும்பங்கள் எங்கள் பக்கம் உண்டு.

அப்புறம் இன்னொன்று. ஒப்பந்தத் தொழிலாளி கம்பத்திலேயே கருகிச் செத்தால் "மின்சாரம் தாக்கி ஒருவர் பலி" என்று நாலு வரியில் முடித்துவிடுகிறீர்கள். யார் ஏறச் சொன்னது, லைன் கிளியர் யார் கொடுத்தது என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. 2012-இல் நம்ம ஊரில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் இருந்தபோது ராத்திரி செக்‌ஷன் ஆபீசைச் சுற்றி நின்ற ஜனங்களிடம் பேச்சு வாங்கியது நாங்கள்தான். உற்பத்தி பற்றாததற்கு வயர்மேன் என்ன செய்வான்? அன்றைக்கும் உங்கள் பத்திரிகை "ஊழியர்கள் அலட்சியம்" என்றுதான் எழுதியது. எங்களை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நின்று பதில் சொன்னவரும் இவரேதான்.

கரண்ட் கட்டணத்தை எதிர்த்துப் போராடி 1970-இல் பெருமாநல்லூரில் குண்டடி பட்டுச் செத்த மூன்று விவசாயிகளை வருசா வருசம் நினைவுகூர்ந்து எழுதுகிறீர்கள். எழுதத்தான் வேண்டும், நானும் காட்டுக்காரன் வீட்டுப் பிள்ளைதான். அதே காட்டுக் கிணற்றுக்கு லைன் இழுத்தவனுக்காகப் போராடிய மனுசனுக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு வரி?

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த வரி தவறு என்று அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அவர் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர், நீங்கள் வெறும் "முன்னாள் ஊழியர்" என்று போட்டதையும் சேர்த்துத் திருத்திவிடுங்கள். அவர் வீட்டில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
அவிநாசி.