பச்சைக் கம்பளம் யாருடைய கண்ணுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்காகத் தாங்கள் வெளியிட்டுவரும் தமிழ் இலக்கிய நய மாதிரி விடைகள் பயனுள்ளவை. ஆயினும் அவற்றுட் பல, "இங்கே உவமையணி பயின்று வந்து பாடலுக்கு அழகு சேர்க்கிறது" என்பதோடு நின்றுவிடுகின்றன. அந்த உவமை யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று கேட்காதவரை அதன் பயனில் பாதி நமக்குக் கிட்டாது.

கபிலர் பாடிய குறுந்தொகையின் 25ஆம் பாடலில், மணக்காமல் காலம் கடத்தும் தலைவனைக் குறித்துத் தலைவி தோழியிடம் முறையிடுகிறாள். கூடிய அன்று அங்கே வேறு யாருமில்லை. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு (நாரை) ஒன்றுதான் இருந்தது. அதன் கால்களை அவள் "தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால", அதாவது தினையின் தாளைப் போன்ற சிறிய பசிய கால்கள், என்கிறாள். தினைப்புனத்துப் பெண்ணுக்குத் தோன்றக்கூடிய உவமை அது. அவள் யார் என்று கபிலர் தனியே சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீன்மேலேயே கண்ணாயிருந்த குருகு சாட்சிக்கு உதவாது என்ற அவளது தவிப்பும், தன் தேவையை மட்டுமே நோக்கிய அவனது இயல்பும் அந்த ஒரே பறவைக்குள் அடங்கிவிடுகின்றன.

எங்கள் மலையகத்தைப் பற்றிய கதைகளிலோ, தேயிலை மலைகள் சலிக்கச் சலிக்கப் 'பச்சைக் கம்பளம்' ஆகின்றன. நானுஓயாவை ரயிலில் கடக்கும் பயணிக்கு அப்படித் தோன்றுவதில் தவறில்லை. ஆனால் கொழுந்தெடுக்கும் பெண்ணின் எண்ணமாக எழுதப்படும் பத்தியிலும் அதே கம்பளத்தை விரித்தால் அந்தப் பாத்திரம் அங்கேயே பொய்யாகிவிடுகிறது. அவள் காண்பது தனக்கு ஒதுக்கிய தேயிலைச் செடி வரிசையான நிரையை, காலில் ஏறும் அட்டையை, முதுகை இழுக்கும் கூடையை. அவள் மனத்தில் ஓடுவது, நிறுவையில் குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டுவிடுவார்களோ என்ற கணக்கு. அதே உவமையைத் தோட்ட நிர்வாகியான துரையின் வாயில் வைத்துப் பாருங்கள், நல்ல உத்தியாகிவிடும்: பங்களா முற்றத்தில் நின்று மலையை நோக்குபவருக்கு அதில் வேலை செய்யும் ஆட்கள் தெரிவதில்லை என்பதை எழுத்தாளர் விளக்காமலே வாசகர் உணர்ந்துகொள்வார். (விளக்கிக் கெடுப்பவர்களும் உண்டு.)

இனி வரும் மாதிரி விடைகளில், அணியின் பெயரைக் குறித்த பின்னர், அதைச் சொல்பவர் யார், அவருக்கு அது ஏன் தோன்றியது என்பதற்கும் இரண்டு வரிகள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ஹட்டன்.