ஒன்பதாவது படத்தில் மேகம் இல்லை

ஆயர் ஈத்தாம், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

தாத்தாவின் லைக்கா எம்3 கேமராவில் நீ எடுத்து அனுப்பிய 36 கறுப்பு வெள்ளைப் படங்களும் வந்து சேர்ந்தன. ஒன்பதாவதிலிருந்து மங்கலாக விழுந்திருக்கின்றன. தூரத்தைக் குறிவைக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டரைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும் என்று அங்கே மெல்பர்னில் ஒரு கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. கேமராவை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே; கொடுத்துவிட்டாய் என்றால் நாளைக் காலையிலேயே போய் வாங்கி வந்துவிடு. அதில் ஒரு பழுதும் இல்லை.

முதலில் நானும் பூஞ்சையைத்தான் சந்தேகித்தேன். நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிப்பது புதிதல்ல. தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்று தாத்தா அதைத் தொடவே மாட்டார். பெரிய மைலோ டின்னில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, அதற்குள்தான் கேமரா தூங்கும். ஆனால் பூஞ்சையோ, உள்கண்ணாடியில் ஆவியாகிப் படியும் எண்ணெயோ இருந்தால் படம் பால் கலந்ததுபோல் வெளுத்துப்போகும், விளக்கைச் சுற்றி வட்டம் கட்டும். உன் படங்களில் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது; கோடுகள்தான் கரைந்திருக்கின்றன. அதோடு முதல் எட்டுப் படங்கள் கத்திபோல் இருக்கின்றன. ஒன்பதாவது படத்தில் திடீரென்று பூஞ்சை முளைக்குமா?

ரேஞ்ச்ஃபைண்டரும் குற்றவாளி இல்லை. அது குறி தவறியிருந்தால் நீ பார்த்த இடத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது ஒன்று கூர்மையாக விழுந்திருக்கும். நீ ட்ராம் வண்டியைக் குறிவைத்த படத்தில் தண்டவாளமும் தெளிவில்லை, பின்னால் உள்ள தேவாலயமும் தெளிவில்லை.

நேற்று இரவு படங்களைத் திரையில் பெரிதாக்கி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தபோது வானம் கண்ணில் பட்டது. எட்டாவது படம் வரை வானம் சாம்பல் நிறத்தில் இறங்கி, மேகங்கள் பஞ்சுப்பொதியாக எழுந்து நிற்கின்றன. ஒன்பதாவதிலிருந்து வானம் வெறும் வெள்ளைத் தாள். வானத்தை இருட்டாக்கி மேகத்தை எடுத்துக்காட்டும் மஞ்சள் ஃபில்டரை இடையில் நீ லென்ஸிலிருந்து கழற்றியிருக்கிறாய், சரிதானே?

அங்கேதான் கோளாறு. கேமராவில் உள்ள எல்மார் லென்ஸ் ஒரு குழலில் இருக்கிறது; எடுத்துச் செல்லும்போது உள்ளே தள்ளிவைக்கலாம். படம் எடுக்கக் குழலை வெளியே இழுத்து, முன்னிருந்து பார்க்கக் கடிகார முள் போகும் திசையில் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். ஃபில்டரைக் கழற்றுவதோ அதற்கு எதிர்த்திசையில். அந்த ஃபில்டர் வருடக்கணக்காகக் கழற்றாமல் இறுகிக் கிடந்தது. நீ முறுக்கியபோது முதலில் குழலின் பூட்டுதான் திறந்திருக்கும், பிறகுதான் ஃபில்டர் அசைந்திருக்கும். பூட்டு விட்ட குழல் உடனே உள்ளே விழுந்துவிடாது. உள்ளே ஒட்டியிருக்கும் கம்பளித்துணி அதைப் பிடித்து நிறுத்தும். பையில் வைத்து எடுக்கும்போதும் மேல்கோட்டில் உரசும்போதும் துளித் துளியாக உள்ளே நகரும். ஒரு மில்லிமீட்டர் போதும், படம் கெட்டுவிடும். நல்ல வெயிலில் கடற்கரையில் அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, 16இல் சுருக்கி வைத்து எடுத்த படம் மட்டும் சின்ன அளவில் பார்த்தால் தேறுகிறது. சுருங்கிய அப்பர்ச்சர் இந்தக் குற்றத்தை ஓரளவு மூடி மறைக்கும். 2.8இல் அகலத் திறந்தால் அம்பலம்.

கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ரேஞ்ச்ஃபைண்டர் காட்டும் இரண்டு உருவமும் ஒன்றாகச் சேர்ந்ததே, அப்படியானால் குறி சரிதானே என்று கேட்டிருந்தாய். சேரும். குழல் முழுதாக உள்ளே போய்விட்டாலும் சேரும். லென்ஸின் அடிவளையம் கேமராவுக்குள் இருக்கும் சிறு உருளையைத் தள்ளுகிறது. ரேஞ்ச்ஃபைண்டர் அந்த உருளையின் பேச்சை மட்டுமே கேட்கும். குழல் வளையத்துக்கு உள்ளே தனியாக வழுக்குவதால் அதன் சேதி உருளைக்கு எட்டாது. உன் கண்ணும் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. தாத்தாவின் நண்பர் ஒருவர் மூடியைக் கழற்றாமலே ஒரு சுருளை எடுத்து முடித்திருக்கிறார்.

நான் மட்டும் என்ன? பினாங்குப் பாலம் திறந்த 1985ஆம் ஆண்டு உன் அத்தை கல்யாணத்தில் குழலை இழுத்தேன், திருப்ப மறந்தேன். தாலி கட்டும் படம் உட்பட எல்லாம் மூட்டம். தாத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. பினாங்கு வரியில்லாத் துறைமுகமாக இருந்தபோது, 1962இல், மூன்று மாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய எம்3 அது. 1969இல் அந்தச் சலுகை போன பிறகு, ‘இனி நினைத்தாலும் வாங்க முடியாது’ என்று சொல்லிச் சொல்லியே துடைப்பார்.

சந்தேகம் தீர வேண்டுமானால் ஃபிலிம் இல்லாதபோது கேமராவின் அடித்தட்டைக் கழற்றிப் பின்கதவைத் திற. ஃபிலிம் படியும் தண்டவாளங்களின் குறுக்கே பனிமூட்டம் போன்ற ஒட்டுநாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டு. ஷட்டரின் துணித்திரையில் விரல் படக்கூடாது. ஷட்டரை, அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் ‘பி’யில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, 2.8இல், தொலைவில் உள்ள கட்டடத்தைப் பார். இங்கே நான் கொம்தார் கோபுரத்தைப் பார்ப்பேன்; 68 மாடி, தலைகீழாக நாடாவில் தொங்கும். குழல் பூட்டியிருந்தால் ஜன்னல் கோடுகள் தெரியும். பூட்டைத் திறந்து ஒரு மயிரிழை உள்ளே தள்ளு, கோடுகள் கரைவதை நீயே பார்ப்பாய். பூட்டிய பிறகும் குழல் ஆடினால் மட்டும் எனக்கு எழுது. அது பூட்டின் தேய்மானம், வேறு கதை.

இனி ஃபில்டரைத் தொடும்போது இடக்கை விரல்களால் குழலை இறுகப் பிடித்துக்கொள். தொட்ட பிறகு குழலை மெல்ல உள்ளே அழுத்திப் பார், நகரக்கூடாது. இன்னொன்று: உன் சிநேகிதியின் லைக்கா எம்5 கேமராவில் இந்த லென்ஸை மாட்டினால் குழலை உள்ளே தள்ளவே தள்ளாதே. அதில் ஷட்டருக்கு முன்னால் ஒளியை அளக்கும் மீட்டரின் கை நீட்டிக்கொண்டு நிற்கும், இடித்துவிடும்.

அம்மாவும் படங்களைப் பார்த்தாள். லென்ஸைப் பற்றி அவளுக்கு அக்கறை இல்லை. 11, 17, 23, 30 ஆகிய நான்கு படங்களிலும் குடையோடு நிற்கும் அந்த உயரமான பையன் ஒரே ஆள்தானா என்று கேட்கிறாள். மூட்டத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். குழலைப் பூட்டிவிட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பு.

அப்பா