இடது பக்கம் காலி

அன்பு மக்களே,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். அதனால்தான் காகிதம். அடுத்த வாரம் சார்ஜாவுக்கு வருகிற கீழவீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஏத்தங்காய் உப்பேரியும் இருக்கிறது, முழுவதையும் ரூமில் பங்கு வைத்துவிடாதே.

இங்கே மழை விடவே இல்லை. பதினைந்து நாளாக ரப்பர் பால் வெட்டு இல்லை. மற்றபடி சுகம். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி டியூட்டி முடிந்து உடனே வண்டி எடுக்காதே.

அப்பாவின் லைசென்ஸ் ஜனவரி 18-ல் முடிகிறது. 65 வயதில் புதுப்பித்ததற்கு ஐந்து வருஷம் ஆகப்போகிறது. 55 தாண்டியவர்களுக்கு ஐந்தைந்து வருஷம்தான் கொடுக்கிறார்கள். நீ லீவுக்கு வந்தபோது, 'இனி அப்பா ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள்' என்று அத்தான் முன்னால் வைத்தே சொன்னாயே, அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுக்கவே பயமாக இருக்கிறது. நீ சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன். சொன்ன இடம் தப்பு. 31 வருஷம் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் பஸ் ஓட்டிய மனுஷன். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வராத காலத்தில், அந்த நெருக்கடிக்குள் ஒரு சைக்கிளைக்கூட உரசாமல் வந்தவர். அந்த நாளில் பஸ் லைசென்ஸ் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கண் பரிசோதனையில் தேறி வந்து எனக்குப் பலகாரம் வாங்கித் தருவார். நீ அங்கே நாலாவது டெஸ்டில் லைசென்ஸ் எடுத்தபோது ஜங்ஷன் டீக்கடை முழுவதும் சொல்லிக்கொண்டு நடந்தவரும் இவர்தான். அதை நீ மறந்துவிட்டாய்.

போன மாதம் மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கப் போனோம். 40 வயதுக்கு மேல் ஃபார்ம் 1ஏ வேண்டும், டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒரு கேள்வி, பகல் வெளிச்சத்தில் 25 மீட்டரில் இருக்கிற காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா என்று. அதற்காக அப்பா இரண்டு நாள் முற்றத்தில் நின்று பார்த்தார். எதிர்வீட்டு வண்டியின் டிஎன் 75 நம்பரைக் கடகடவென்று சொன்னார். அந்த வண்டி பத்து வருஷமாக அங்கேதான் நிற்கிறது, எனக்கே அது மனப்பாடம். நான் வாய் திறக்கவில்லை.

அந்த டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'கண்ணாடி உண்டா? ராத்திரி பார்வையில் ஏதாவது தொந்தரவு?' என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். 'ஒன்றும் இல்லை டாக்டர்' என்றேன். நான்தான் சொன்னேன், மக்களே. ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் பண்ணுங்கள் என்று சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. எதிரே வருகிற வண்டியின் லைட் பட்டால் வெள்ளையாகப் பரவி ரோடே மறைந்துவிடுகிறது என்று அவரே என்னிடம் சொன்னார். ஆபரேஷன் என்றால் பெரியப்பா விஷயம்தான் அவருக்கு நினைவு வருகிறது.

ஏன் சொன்னேன் என்று கேட்பாய். என் முட்டு இருக்கிற இருப்பில் பஸ் படி ஏற முடியாது. அருமனையில் சித்தி படுத்த படுக்கை. மாதம் ஒரு தடவையாவது திருவட்டாறு கோயிலில் ஆதிகேசவனைப் பார்க்க வேண்டும். அந்தக் கார் நின்றால் நான் வீட்டோடு முடங்கிவிடுவேன். என் காரியத்துக்காகத்தான் சொன்னேன்.

ஒரு வருஷமாக நான்தான் அவருக்குக் கண். பக்கத்தில் இருந்து 'பைக் வருது', 'பஸ் நிற்குது', 'இடது பக்கம் காலி' என்று சொல்வேன். அவர் திருப்புவார். முன்பம்பர் கேட் தூணில் இடித்து நெளிந்தது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? தூண் இல்லை. ஆவணிக் கடைசியில் சித்தியைப் பார்த்துவிட்டு வந்தோம். சாயங்காலம், தூறல். முக்கில் திரும்பும்போது 'இடது பக்கம் காலி' என்றேன். நான் பார்க்கவே இல்லை. நீ மெசேஜ் ஏதாவது போட்டிருக்கிறாயா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டியூஷன் முடிந்து வந்த ஒரு பையன் சைக்கிளோடு விழுந்தான். முழங்கையில் சிராய்ப்பு, சைக்கிள் வீல் கோணிவிட்டது, அவ்வளவுதான். தெய்வம் காத்தது. அப்பாதான் தூக்கிக்கொண்டு ஓடினார், மருந்து போட்டு, வீட்டில் கொண்டு விட்டு, சைக்கிளையும் சரிசெய்து கொடுத்தார். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் 'என் தப்பு' என்று கைகூப்பினார். நான் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுடையது என்று அவரிடமும் இதுவரை சொல்லவில்லை.

சர்டிபிகேட் பஞ்சாங்கத்துக்குள் இருக்கிறது. அக்கா மகன் ஆன்லைனில் ஏற்ற வந்தான், ஆதார் காணவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவனிடமே விசாரித்தேன். லைசென்ஸ் முடிந்தாலும் ஒரு வருஷத்துக்குள் புதுப்பித்தால் ஓட்டிக்காட்டும் டெஸ்ட் கிடையாதாம். ஆனால் முடிந்த மறுநாளிலிருந்து ஓட்டக்கூடாது. முன்பு இருந்த 30 நாள் சலுகையை 2019-ல் எடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் அவசரம் இல்லை அல்லவா? முதலில் ஒரு கண், அப்புறம் மற்றது, புதுக் கண்ணாடி, அதன் பிறகு உண்மையான சர்டிபிகேட். பார்வை தெளிந்தால் பகலில் ஓட்டட்டும். தெளியவில்லை என்றால் அவரே சாவியைத் தந்துவிடுவார், அவரை எனக்குத் தெரியும்.

இதை அவரிடம் நீதான் சொல்ல வேண்டும். ஓட்டாதே என்று சொல்லாதே, ஆபரேஷனுக்கு நான் லீவு போட்டு வருகிறேன் என்று சொல். ஓட்டாதே என்று மட்டும் சொல்லிவிடாதே. பையன் விழுந்த கதையை நான் எழுதினேன் என்றும் காட்டிக்கொள்ளாதே, அதை நானே அவரிடம் சொல்கிறேன்.

அன்றிலிருந்து அவர் காரைக் கேட்டுக்கு வெளியே எடுக்கவில்லை. தினமும் காலையில் துடைத்து, உள்ளே உட்கார்ந்து, பேட்டரி இறங்காமல் இருக்க பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைப்பார். இங்கே ஏழு மணி இருக்கும். அந்த நேரம் போன் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். என் நம்பருக்குக் கூப்பிடாதே, அவர் நம்பருக்குக் கூப்பிடு.

அம்மா