பறவைக் கூட்டுப் படம் போடாதீங்க, இடத்தையும் போடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வாசகர்கள் எடுத்த பறவை போட்டோவுக்கு முழுசா ரெண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீங்க, பாத்ததும் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. தென்சென்னையில இருக்கிற பள்ளிக்கரணைச் சதுப்புன்னாலே முன்னெல்லாம் குப்பைமேடு, பொகை, மழை வந்தா வெள்ளம், இதுக்குத்தான் பேப்பர்ல பேரு அடிபடும். 2022ல 1,247 ஹெக்டேர் சதுப்ப ராம்சர்ங்கற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல சேத்தாங்க, அதுக்கப்புறம் இப்ப பூநாரைக்காகவும் கூழைக்கடாவுக்காகவும் பேரு வருது. இதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

ஆனா அதே பக்கத்துல கீழ் மூலையில ஆள்காட்டிங்கற பறவை ஒன்னு அது முட்டை மேல உக்காந்திருக்கிற படம், கூடவே எந்த ஏரி, எந்தக் கரைன்னு இடமும் போட்டிருந்தீங்க. அதப் பாத்ததும் வயித்தக் கலக்கிருச்சு, அதுக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஏன்னா நானும் இதே தப்பப் பண்ணவன். தூரத்துல இருக்கிறதையும் கிட்டக் காட்டுற 150-600 லென்ஸ் புதுசா வாங்கின வருஷம், ஏப்ரல் மாசம், பெரும்பாக்கம் பக்கம் ஒரு காலி மனையில செம்மூக்கு ஆள்காட்டி முட்டை வச்சிருந்ததப் பாத்தேன். கூடுன்னா குச்சி வச்சுக் கட்டினதெல்லாம் கிடையாது, வெறுந்தரையில சரளைக்கல்லுக்கு நடுவுல கையளவு பள்ளம், அதுல 4 முட்டை, மண்ணு கலர்ல கருப்புத் திட்டுத் திட்டா, ரெண்டடி தள்ளி நின்னாகூட கண்ணுக்குத் தெரியாது. நான் கிட்டப் போகப்போக ஜோடி ரெண்டும் கத்திக்கிட்டே தலைக்கு மேல பாஞ்சு பாஞ்சு வந்துச்சுங்க, நான் நல்ல ஆக்சன் ஷாட் கெடைக்குதேன்னு அங்கயே அரை மணி நேரம் முட்டி போட்டு உக்காந்திருந்தேன், மணி பதினொன்னு, உச்சி வெயில்.

அந்தப் பறவை வெயில் நேரத்துல பக்கத்துல இருக்கிற தண்ணிக்குப் போயி வயித்து இறக நனைச்சுட்டு வந்து முட்டை மேல உக்காந்து சூட்டத் தணிக்கும்ங்கற விஷயம் எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது. நான் உக்காந்திருந்த அரை மணி நேரமும் அந்த 4 முட்டையும் திறந்த வெயில்ல கெடந்திருக்கு. எதிர்ல இருந்த லைட் கம்பத்துல ஒரு காக்கா உக்காந்து நான் எங்க குனியறேன்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு, அதையும் நான் பாத்தேன், அப்ப அது மண்டையில ஏறல. மறுநாள் காலையில போனா பள்ளம் மட்டும்தான் இருந்துச்சு. கிட்டத்தட்ட நாலு வாரம் அடை காக்கணும் அந்தப் பறவை, அவ்வளவும் போச்சு. அந்தப் படத்துக்கு எனக்கு எக்கச்சக்கமா லைக் வந்துச்சு, இன்னிக்கும் நெனச்சா மனசு ஆறல.

ஆள் வந்தா ஊருக்கே கத்திக் காட்டிக் குடுக்கும்னுதான் அதுக்கு ஆள்காட்டின்னு பேரு, அந்தப் பறவையவே நாம இடம் போட்டுக் காட்டிக் குடுக்கறோம். உங்க பக்கத்தப் பாத்துட்டு இந்த வாரம் ஒரு பத்துப் பேரு அந்தக் கரையில கேமராவோட நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைங்கற சொல்லுக்குக் குடுத்திருக்கிற விளக்கத்துலயே காட்டுப் பறவையோட முட்டையையோ கூட்டையோ தொந்தரவு பண்றதும் வருதுங்க, இது போட்டோ எடுக்கிற பாதிப் பேருக்குத் தெரியாதுன்னு நெனக்கிறேன், எனக்கே ரொம்ப நாள் தெரியாது.

இன்னொன்னு, முதல் பக்கத்துப் பெரிய படம், பூநாரைக் கூட்டம் மொத்தமா எழும்புற மாதிரி மேலேருந்து எடுத்தது. அழகுதான், இல்லேங்கல. ஆனா கேளம்பாக்கம் உப்பளத்துப் பக்கம் ட்ரோன தாழப் பறக்க விட்டு பூநாரைங்கள கெளப்பி விடறத நான் கண்ணால பாத்திருக்கேன். தலையக் கவுத்துப் போட்டு தண்ணிய அலசி அலசித் தின்னுக்கிட்டிருக்கிற பறவைங்க அதுங்க, நெனச்ச ஒடனே ஜிவ்வுன்னு பறந்துராது, தண்ணி மேல ஓடி ஓடித்தான் எழும்பணும். ஒரு தடவை எழுப்பினா அது கூட இருக்கிற சின்னச் சின்ன உள்ளானும், அதான் சேத்துல மேயுமே அந்தப் பறவைங்களும், சேந்து கலைஞ்சுரும். கொசு உள்ளான்னு ஒன்னு இருக்கு, 25, 30 கிராம்தான் இருக்கும், சைபீரியாவோட வடகோடியில குஞ்சு பொரிச்சுட்டு இங்க வருது, ஏப்ரல் வாக்குல திரும்ப அங்க போறதுக்கு இந்தச் சேத்துலதான் தின்னு கொழுப்பு ஏத்திக்கணும். அதுக்கு ஒவ்வொரு தடவ கலைஞ்சு பறக்கிறதும் நஷ்டம்.

கிட்டப் போனாத்தான் நல்ல படம் கெடைக்கும்னு இல்லைங்க. சதுப்பு வழியா போற ரேடியல் ரோட்டு ஓரத்துல காலையில ஆறு மணிக்கு வெயில் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நின்னு ஆடாம அசையாம இருந்தா நீலத் தாழைக்கோழி அதுவா கோரையிலேருந்து வெளிய வரும். காருக்குள்ளயே உக்காந்து கண்ணாடிய எறக்கி வச்சுக்கிட்டா இன்னும் நல்லது, வண்டிய அதுங்க அவ்வளவா கண்டுக்காது, எறங்கி நின்னீங்கன்னாத்தான் போச்சு. என்ன, பொறுமை வேணும், சில நாள் மூணு மணி நேரம் உக்காந்தும் ஒன்னும் அமையாது.

அதனால உங்ககிட்ட கேக்கறது இதுதான். முட்டை, குஞ்சு, கூட்டுல அடை காக்கிற பறவை, இந்த மாதிரிப் படம் வந்தா எவ்வளவு நல்லா இருந்தாலும் போடாதீங்க, போட மாட்டோம்னு அந்தப் பக்கத்துலயே ஒரு வரி அறிவிப்பும் குடுத்துருங்க. உங்க பேப்பர்ல வராதுன்னு தெரிஞ்சாலே அதுக்காகப் போறவங்க கொறைவாங்க. இடத்துக்கு ஏரிப் பேரெல்லாம் வேணாம், தென்சென்னைன்னு போட்டாப் போதும். படம் எடுத்தவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அவரு பேரச் சொல்லித் திட்டற மாதிரி தயவுசெஞ்சு இதப் போட்டுராதீங்க, அவரும் தெரியாமத்தான் எடுத்திருப்பாரு.

இதோட ஒரு படம் வச்சிருக்கேன். நீளவால் இலைக்கோழி, முட்டை வைக்கிற காலத்துல மட்டும் வளர்ற அந்த நீள வாலோட, அல்லி இலை மேல நடக்குது. ரோட்டுலேருந்து எடுத்தது, பறவை ரொம்பச் சின்னதாத்தான் தெரியும், இடம் இருந்தா போடுங்க.

இப்படிக்கு,
மேடவாக்கத்துலேருந்து ஒரு வாசகர்